மிஷினுக்குச் சாத்திய வெள்ளைத் துணி

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் மிஷினுக்கு ஒரு வயது நிறைந்தது. கேக் வாங்கி வராந்தாவில் வைத்து வெட்டினோம். மிஷின் இருக்கும் அறைக்குள் மெழுகுவர்த்திப் புகை ஆகாது. இந்த ஊர்க்காரர்கள் மிஷினுக்கெல்லாம் பிறந்த நாள் கொண்டாடுகிறார்களே என்று நீங்கள் சிரிக்கலாம். நாம் ஆயுத பூசைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி படைக்கிறவர்கள்தானே? எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

திருப்பூரிலிருந்து போன் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "வேலு, ஜெர்மனியில என்னதான் வேல பண்றே?" லேசர் என்று சொன்னால் வெள்ளகோவில் பெரியம்மா தன் கண்ணில் வளர்ந்த சதைக்கு எப்போது வரட்டும் என்கிறார். மைக்ராஸ்கோப் என்று சொன்னால் ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற இடமா என்று கேட்கிறார்கள். அதனால் இந்தத் தடவை உட்கார்ந்து முழுசாக எழுதிவிடுகிறேன். போன வருடம் ஆவணியில் நடந்ததையும் சேர்த்துத்தான். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

என் படிப்பு பத்தாவது, அதற்கு மேல் ஐடிஐ. திருப்பூர் பக்கத்து நெருப்பெரிச்சலில் பனியன் துணி ஓட்டுகிற நிட்டிங் மிஷின்களுக்கு ஃபிட்டராக இருந்தேன். அந்த மிஷின் செய்கிற ஜெர்மன் கம்பெனி ஒன்று சர்வீஸ் வேலைக்கு என்னை இங்கே அழைத்துக்கொண்டது. சில வருடங்களில் கம்பெனியை மூடிவிட்டார்கள். என் மனைவி பூங்கொடி பெட்டியெல்லாம் துடைத்து வைத்துவிட்டாள். அந்தச் சமயத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் பட்டறையில் ஆள் கேட்டார்கள். முருகன் காட்டிய வழி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

2

அங்கே நாங்கள் நாலு பேர். டோபியாஸ்தான் தலைவர், மிஷினை வரைந்தவர். மார்த்தா சாஃப்ட்வேர் எழுதுகிறவள், போலந்துக்காரி, வேகமாகப் பேசுவாள். இங்கா டாக்டரம்மா, மீன் வளர்க்கிறவர். இவர்கள் சொல்வதை அலுமினியத்தில் குடைந்து, துளை போட்டு, ஒயர் இழுத்து, திருகி நிறுத்துகிறவன் நான்.

இங்கா வளர்ப்பது சுண்டு விரல் நகத்துக்கும் குறைவான குஞ்சு மீன்கள். உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே இதயம் அடிப்பது வெளியே தெரியும். அந்த இதயத்தில் காயம் பட்டால் தழும்பு இல்லாமல் ஆறிவிடுமாம். நமக்கு அப்படி ஆறாது. அது எப்படி ஆறுகிறது என்று, மீன் உயிரோடு இருக்கும்போதே, இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் நாள் அவர் அதைச் சொன்னபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் நிட்டிங் ஷெட்டில் ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. இந்த வேலையை நான் சம்பளத்துக்கு மட்டும் செய்யவில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடையில் விற்கிற மைக்ராஸ்கோப்பில் அடிக்கிற இதயத்தைப் பிடிக்க முடியவில்லை. ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் இதயம் இரண்டு தரம் அடித்துவிடும். படம் கலங்கிப்போகும். ஆகவே நாங்களே ஒன்று செய்தோம். லேசர் ஒளியை ஊசி முனையைவிட மெல்லிசாகக் குவித்து மீன் மேல் ஒரு புள்ளியாக விழ வைக்கிறோம். அந்தப் புள்ளியை இரண்டு சின்னக் கண்ணாடிகள் ஆட்டுகின்றன. ஒன்று இடம் வலமாக, ஒன்று மேலிருந்து கீழாக. ஒவ்வோர் இடத்திலிருந்தும் திரும்பி வருகிற வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் புள்ளி புள்ளியாக, வரி வரியாக அடுக்கிப் படமாக்குகிறது. நிட்டிங் மிஷினில் நூல் வரி வரியாக ஏறித் துணியாக இறங்குமே, அதேதான். அங்கே ஊசி, இங்கே ஒளி. கண்ணாடி ஆடுவது கண்ணுக்குத் தெரியாது. காதை வைத்தால் கொசு பாடுகிற மாதிரி மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குச் சந்தோஷம் வந்துவிடும்.

வேகம் வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி போகும்போதும் ஒரு வரி எடுக்கிறோம், திரும்பும்போதும் ஒரு வரி. அங்கேதான் வம்பு. போகிற வரியும் வருகிற வரியும் நேராக நிற்காமல் மீனின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி வந்தது. கண்ணாடி கொஞ்சம் சூடானாலும் ஒயர் கொஞ்சம் நீளமானாலும் அது மாறும். மார்த்தா வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாள். நான் ஒயரைக் குறைத்தேன். டோபியாஸ் கண்ணாடியின் பிடியை மாற்றி வரைந்தார். ஒரு நாள் மத்தியானம் மார்த்தா ஏதோ எண்ணைத் தட்டினாள். சீப்புப் பல் மறைந்து, மீனின் ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி நேராக வந்து நின்றது.

"முருகா!" என்று கத்திவிட்டேன்.

மார்த்தா திரும்பி, "அப்படியென்றால் என்ன?" என்றாள்.

"எங்கள் சாமி. நல்லது நடந்தால் கூப்பிடுவோம்."

"கெட்டது நடந்தால்?"

"அப்போதும் அவரைத்தான்."

"வசதியாக இருக்கிறதே!" என்று சிரித்தாள். மறுநாள் பார்த்தால், வரியை நேராக்குகிறதற்கு அவள் ஸ்கிரீனில் வைத்த பட்டனுக்கு 'முருகா' என்று பெயர் போட்டிருந்தாள். கண்ணாடி சூடாகச் சூடாக அதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமுக்குகிறவர்கள் எல்லோரும் விளையாட்டாகப் பெயரையும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆறடி உயரம் இருக்கிற டோபியாஸ், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "முருகா" என்று சொல்லி அமுக்குவதை நீங்கள் பார்க்க வேண்டும்.

3

இங்கே வெளிநாட்டார் அலுவலகம் என்று ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று எத்தனை சொல்லியும் கேட்காமல் அப்பா பெயரை என் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். நம்பர் வந்ததும் "கருப்புசாமி!" என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பாதான் எழுந்து போகிறார் என்று எனக்குத் தோன்றும்.

போன வருடம் அங்கே இருக்கிற மேசைக்காரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். வேலை ஒப்பந்தம் எந்த நாளில் முடிகிறதோ, அந்த நாளில் இங்கே இருக்கிற அனுமதியும் முடியும். ஒப்பந்தமோ மிஷினோடு கட்டியது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற இடத்திலிருந்து மூன்று பேர் ஆவணியில் வந்து பார்ப்பார்கள். மீனின் இதயம், அதில் காயம் ஆறுகிற இடம், சுத்தமாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு வருடம். தெரியாவிட்டால் மிஷினைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், நாங்களும் மூட்டை கட்ட வேண்டும்.

எங்கள் மகள் தாரணிக்கு அப்போது பதினாலு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். சமையலறை அலமாரியில் முருகன் படம் வைத்துப் பூங்கொடி விளக்கேற்றும்போது முன்பெல்லாம் அவளும் வந்து நிற்பாள். பிறகு நின்றுவிட்டாள். "தெனமும் அதே பேரச் சொல்லி என்னங்கப்பா ஆகுது?" என்று ஒரு நாள் கேட்டாள். திட்ட மனசு வரவில்லை. ஆனால் வருத்தம் உள்ளே கிடந்தது. இந்த ஊர் அவளுக்குச் சொந்த ஊராகிவிட்டது. மூட்டை கட்ட வேண்டி வந்தால் எனக்கு வேலைதான் போகும், அவளுக்கு உலகமே போகும். பூங்கொடியும் நானும் அதைத்தான் பேசிக்கொள்வோம்.

இந்த நேரத்தில் என் தங்கை அமுதா போன் பண்ணினாள். அவள் பையன் கவினுக்குச் சிவன்மலையில் காதுகுத்து. ஜோசியர் குறித்த முகூர்த்தமும் அந்த மூன்று பேர் வருகிற நாளும் ஒன்று.

"வேற நாள் வெக்க முடியாதா அம்மிணி?"

"ஏனுங்கண்ணா, அவனுக்கு இருக்கறது ஒரே தாய்மாமன். நீங்க வல்லீன்னா நான் ஆரு மடியில வெச்சுக் காது குத்தறது? உங்க மிஷின் மடியிலயா?"

டோபியாஸிடம் போய்ச் சொன்னேன். தங்கை மகன் காதில் ஓட்டை போடுகிறபோது நான் அவனை மடியில் வைத்திருக்க வேண்டும், அதற்காக ஏழு கடல் தாண்டிப் போக வேண்டும் என்று என் ஜெர்மனில் சொன்னால் எப்படி இருந்திருக்கும்! "வேறு யாராவது பிடித்துக்கொள்ளக் கூடாதா?" என்றார். "கூடாதுங்க" என்றேன். அவசரத்தில் அந்த 'ங்க' எப்போதும் என் ஜெர்மனில் வந்து ஒட்டிக்கொள்ளும். "சரிங்க" என்றார் அவரும். மிஷின் ஓடுகிறது, போய்வாருங்கள் என்று கையைக் குலுக்கினார்.

4

ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு காரியம் செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

முந்தின தரம் ஊருக்குப் போனபோது அமுதாவின் கணவர் சண்முகம், நெருப்பெரிச்சலில் நிட்டிங் வைத்திருக்கிறார், பனியனுக்கு ஓட்டுகிற வெள்ளை இன்டர்லாக் துணி ரோல் மிச்சம் ஒன்று கொடுத்திருந்தார். தொட்டால் வெண்ணெய். திருப்பூர்க்காரன் ஊரிலிருந்து திரும்பினால் பெட்டியில் பாதி பனியன்தானே இருக்கும்? மீதிப் பாதியில் இந்தத் துணி வந்தது. மிஷினுக்கு இரவில் மூட ஓர் உறை வேண்டும். இங்கே விற்கிற பிளாஸ்டிக் உறை விறைப்பாக இருந்து லென்ஸ் மேல் இடித்தது. பூங்கொடியிடம் அளவு கொடுத்துத் தைக்கச் சொன்னேன். ஓரத்தில் நாடா வைத்து அழகாகத் தைத்துக் கொடுத்தாள்.

"அலசிக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். சாமிக்குச் சாத்தற மாதிரிப் புதுசாவே சாத்தணும்."

வெள்ளிக்கிழமை காலையில் யாரும் வருவதற்கு முன்னால் போய், கும்பிட்டு, மிஷினுக்கு அதைச் சாத்தினேன். திரும்பினால் மார்த்தா கதவருகே நிற்கிறாள். இது என்ன வழக்கம் என்று கேட்டாள். எங்கள் ஊரில் சாமிக்குத் துணி சாத்துவோம், சாத்தின துணியைக் குப்பையில் போட மாட்டோம், காலில் மிதிபட விட மாட்டோம் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவள் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்து, "எங்கள் பாட்டி ஊர் மாதா கோயிலிலும் இப்படி உண்டு" என்றாள். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் அவளே அதைப் பத்திரமாகச் சாத்திவிட்டுப் போவாள்.

5

காதுகுத்துக்கு முந்தின நாள் மாலை. சிவன்மலை அடிவாரத்தில் மண்டபம். சொந்தமெல்லாம் வந்தாகிவிட்டது, பாட்டு அலறுகிறது, சமையல் ஆள் வெங்காயம் பத்தவில்லை என்று சத்தம் போடுகிறார். தாரணி பட்டுப்பாவாடை கட்ட மாட்டேன் என்று சொல்லி, பிறகு அமுதா அழுதுவிடுவாள் போலிருந்ததால் கட்டிக்கொண்டு, ஒரு மூலையில் நாற்காலி போட்டுப் போனோடு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது மார்த்தாவிடமிருந்து ஒரு படம் வந்தது. மீனின் இதயத்துக்குக் குறுக்கே நீல நிறத்தில் முறுக்கிய நாடா நாடாவாக என்னவோ கிடந்தது. காயம் ஆறுகிற இடம் மங்கலான நீலத்தில்தான் தெரியும். இங்காவின் மருந்து அப்படி. இந்த நாடாக்களோ பளீரென்று எரிந்து அதை மூழ்கடித்துவிட்டன. உடனே போன் பண்ணினேன்.

"இரண்டு நாளாக இருக்கிறது வேலு. மீனை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம், லேசரைக்கூட மாற்றிப் பார்த்தோம். சாதாரணத் தூசியாக இருந்தால் நீலத்தில் மட்டும் எரியாதே? டோபியாஸ் லென்ஸில் விரிசல் என்கிறார். நாளைக்குக் காலையில் அவர்கள் வந்துவிடுவார்கள்." கொஞ்சம் தயங்கினாள். "உங்களிடம் ஒன்று கேட்கலாமா என்று..." என்று ஆரம்பித்து, "இல்லை, விடுங்கள், விசேஷத்தைப் பாருங்கள்" என்று வைத்துவிட்டாள்.

நான் அங்கே இருந்திருக்க வேண்டும் என்றே மனசு அடித்துக்கொண்டது. பேசாமல் தாரணி பக்கத்தில் போய் உட்கார்ந்து படத்தைக் காட்டினேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. அவளுக்கு விஷயம் தெரியும். படம் வராவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் பேசுவதை அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். வாங்கி, விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள்.

மண்டபத்துக்காரர்கள் இன்னொரு மூலையில் பிள்ளைகள் செல்ஃபி எடுப்பதற்காக ஊதா நிற டியூப் லைட் கட்டியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அதைப் போட்டார்கள். சண்முகம் வெள்ளை வேட்டி, மெல்லிசுச் சட்டையோடு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, மாமாவப் பாருங்க."

"மாமனுக்கு என்ன கண்ணு?"

"எரியறாருங்கப்பா!"

பார்த்தேன். சட்டைக்குள்ளே பனியன் நீலமாகப் பளபளத்தது. வேட்டியும் அப்படியே. தாரணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், போனில் இருந்த படத்தை அவர் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். அதே நீலம்.

"ஏனுங்க மச்சான், அப்பனும் புள்ளையும் என்னய இப்படிப் பாக்கறீங்க? வேட்டி கீட்டி அவுந்து போச்சுங்களா?"

"மாப்ளே, இந்தப் பனியன் ஏன் இப்படி மின்னுது?"

"வெள்ளப் பனியன் மின்னாம என்ன பண்ணுமுங்க? பிளீச் மட்டும் பண்ணுனாப் பால் வெள்ள வராதுங்க. வீரபாண்டி டையிங்ல ஒய்ட்னர் குடுத்துத்தான் அனுப்பறாங்க. இந்த மாதிரி ஊதா லைட்டு பட்டா அது நீலமாத் திருப்பிக் குடுக்கும். எல்லா வெள்ளத் துணியும் அப்படித்தானுங்க."

"நீங்க எனக்குக் குடுத்தீங்களே, அந்த இன்டர்லாக்?"

"அதுவும்தானுங்க. ஏனுங்க மச்சான், மொகமெல்லாம் வேர்க்குது?"

எங்கள் லேசரும் ஊதா. அலசாத புதுத்துணி. இத்தனை நாளும் இரவு முழுக்க அதிலிருந்து பஞ்சு உதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இருக்கிற லென்ஸ் மேல் சேர்ந்திருக்கிறது. சாமிக்குப் புதுசாகச் சாத்த வேண்டும் என்று சொன்னவன் நான். சாத்தினதும் நான்.

6

போன் போட்டேன். சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை, ஜெர்மன் முழுசாக மறந்துபோனது. "துணிங்க! அந்தத் துணிதானுங்க! எடுத்துருங்க!" என்று மார்த்தாவிடம் நெருப்பெரிச்சல் தமிழில் கத்துகிறேன். தாரணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு மார்த்தா ஓர் ஊதா டார்ச்சை எடுத்துத் துணி மேல் அடித்திருக்கிறாள். "ஐயோ, தீபம் மாதிரி எரிகிறது!" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

அப்புறம் அவள் மெதுவாகச் சொன்னாளாம். "எனக்கும் துணி மேல் சந்தேகம் வந்தது தாரணி. அதைக் கேட்கத்தான் படம் அனுப்பினேன். உன் அப்பா சாமிக்குச் சாத்தியதைப் போய் எப்படிக் குறை சொல்வது என்று வாய் வரவில்லை." தாரணி அதைத் தமிழில் எனக்குச் சொன்னபோது நெஞ்சு நிறைந்துபோனது.

ஆனால் வேலை அங்கேதான் ஆரம்பம். லென்ஸைச் சுற்றி நான் வைத்த பிளேட்டைக் கழற்றினால்தான் பஞ்சைத் துடைக்க முடியும். அதை நேராகத் தூக்கினால் கண்ணாடிக்குப் போகிற ஒயர் அறுந்துவிடும். இடப்பக்கம் சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். எப்படியும் நான்தானே கழற்றப்போகிறேன் என்று அதை யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. போனை வீடியோவுக்கு மாற்றிப் பார்த்தால் டோபியாஸ் நேராகத் தூக்கப் போகிறார்.

"சாய்க்கச் சொல்லு! சாய்க்கச் சொல்லு கண்ணு!"

தாரணி போட்ட அதட்டலில் ஆறடி மனிதர் அப்படியே கையை எடுத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு திருகாக நான் தமிழில் சொல்ல, அவள் ஜெர்மனில் சொல்ல, அவர்கள் கழற்றினார்கள். வெள்ளகோவில் பெரியம்மா பக்கத்தில் வந்து நின்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஏங் கண்ணு, ஆருகூடச் சண்ட போடறே?"

"சண்ட இல்லீங்க பெரியாத்தா. ஜெர்மன்."

"கேட்டாப் பயமா இருக்குது சாமி. சித்தெ மெதுவாத் திட்டு."

பிளேட் வந்துவிட்டது. ஒயர் தப்பியது. இனி அவர்கள் துடைத்து, சேர்த்து, புது மீன் வைத்துப் பார்க்க வேண்டும். "போச்சாதுங்கப்பா, வந்துரும்" என்றாள் தாரணி. பரவாயில்லை என்பதற்கு நாம் சொல்கிற அந்த 'போச்சாது' அவள் வாயிலிருந்து வந்து எத்தனை வருடமாயிற்று!

7

மறுநாள் மலை மேல் முருகன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். எனக்காகக் கும்பிட்டேன், மீனுக்காகவும் கும்பிட்டேன். மண்டபத்தில் கவினை மொட்டைத் தலையோடு, சந்தனம் பூசி, என் மடியில் வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் பையன் விவரம் தெரிந்துகொண்டு உதைக்க ஆரம்பித்தான். தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அங்கே அப்போது காலை, அவர்கள் வந்திருக்கிற நேரம். எடுக்க முடியாது. இரண்டு கையும் பையன் மேல். அதிர்ந்துகொண்டே இருந்தது. கவினுக்கு அது கூச்சமாக இருந்திருக்கும் போல, ஒரு நொடி அழுகையை நிறுத்தி என் பையையே பார்த்தான். அந்த நொடியில் ஆசாரி முதல் காதைக் குத்திவிட்டார். பையன் போட்ட கத்தலில் மண்டபமே திரும்பியது.

"தாய்மாமன் அழுவறாரு பாரு!" என்று யாரோ சிரித்தார்கள். எனக்கே தெரியாமல் கண்ணீர் வந்திருந்தது.

தாரணி கூட்டத்தை விலக்கி வந்து என் பையிலிருந்து போனை எடுத்தாள். பார்த்தாள். முகம் மாறியது. அப்படியே என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

கரிய திரையில் ஓர் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. கலங்கல் இல்லை, நாடா இல்லை. ஓரத்தில் சின்னக் காயம், அதைச் சுற்றி மங்கலான நீலத்தில் புதுச் சதை. இந்தப் பக்கம் மடியில் ஒரு பிள்ளையின் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அந்தப் பக்கம் அது அடிக்கிறது. இரண்டாவது காதும் குத்தியாகிவிட்டது, எனக்குத் தெரியவே இல்லை.

பந்தியில் அந்த போன் இலைக்கு இலை போனது. "மீனோட நெஞ்சுங்களா இது? தனியா எடுத்து வெச்சிருக்கறாங்களா?" "உசுரோட இருக்குதுங்க, உள்ளார நீந்துது." "அய்யோ, கொழம்புல போட்டுத் தின்னமே இத்தன நாளு!" சண்முகம் மட்டும் எல்லோரிடமும், "நம்மூட்டுத் துணிதானுங்க மொதல்ல கெடுத்துச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் மார்த்தா பேசினாள். வந்த மூன்று பேரில் வயசான அம்மா ஒருவர் ஸ்கிரீனைக் காட்டி, "இது என்ன பட்டன்?" என்று கேட்டாராம். எங்கள் வேலு படம் நேராக வந்தால் சொல்கிற பெயர், அவர் இன்றைக்கு இங்கே இல்லை, மருமகனை மடியில் வைத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டனை அமுக்கி, எழுத்துக்கூட்டி, "முருகா" என்றாராம். இதை நான் சொன்னதும் பந்தியில் பெரியம்மா எழுந்து நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஒப்பந்தம் நீட்டித்த செய்தி பிறகு வந்தது. அமுதாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பின்னால் நிட்டிங் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப இப்போதைக்கு வரமாட்டீங்கல்லண்ணா" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "சரீங்க. தாரணி படிக்கட்டும். ஆனா இனி மிஷினுக்குத் துணி சாத்தாதீங்க. நம்ம முருகனுக்கு மட்டும் சாத்துங்கொ."

8

அப்படியேதான் செய்தோம். நான் திரும்பி வந்தபோது மார்த்தா ஒரு பெட்டியைக் கொடுத்தாள். மிஷின் இருக்கிற அறைக்கு ரொம்பத் தூரத்தில், வேறொரு மாடியில், அந்தத் துணியை மடித்து வைத்திருந்தாள். குப்பையில் போடவில்லை. காலில் படவில்லை. அது இப்போது எங்கள் சமையலறை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே விரித்திருக்கிறது. பூங்கொடி இந்தத் தரம் நன்றாக அலசிவிட்டாள். மிஷினுக்கு இப்போது பஞ்சு உதிராத உறை ஒன்று வாங்கியிருக்கிறோம். விறைப்பாக இருப்பதால் நான் ஒரு வளையம் செய்து அதைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன்.

அலுவலகத்தில் "கருப்புசாமி!" என்று கூப்பிட்டுப் புது அட்டை கொடுத்தார்கள். அன்றைக்கு என்னோடு தாரணி வந்தாள். அந்த மேசைக்காரம்மா கேட்டதற்கெல்லாம் நான் தடுமாறுவதற்கு முன்னால் அவளே பதில் சொன்னாள். அதற்காக அவள் மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். இன்னும் ஜெர்மனில்தான் பதில். விளக்கேற்றும்போது இன்னும் வந்து நிற்பதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து படிக்கிறாள், அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அவளும் கேக்குக்கு வந்தாள். கேக் முடிந்ததும் இங்கா எல்லோரையும் உள்ளே அழைத்துப் புதிதாக ஒன்றைக் காட்டினார். காயம் பட்ட ஓர் இதயம், இப்போது தழும்பே இல்லாமல், முழுசாக ஆறி, ஜம்மென்று அடிக்கிறது. நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். மிஷின் சூடாகியிருந்ததால் ஓரத்தில் சீப்புப் பல் லேசாகத் தலைகாட்டியது. மார்த்தா நாற்காலியை விட்டு எழுந்து, "தாரணி, நீ நேராக்கு" என்றாள்.

தாரணி உட்கார்ந்தாள். மௌஸைப் பிடித்தாள். அந்த அறையில் யார் அந்தப் பட்டனை அமுக்கினாலும் பெயரைச் சொல்லித்தான் அமுக்குவார்கள். அது இப்போது அங்கே பழக்கமாகிவிட்டது. சொல்லாமல் அமுக்கினால் டோபியாஸே முறைப்பார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"முருகா" என்றாள்.

படம் நேராக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு மட்டும்தான் வாய் வரவில்லை.